வண்டியே வராத சாலையில் டயர் கிழிந்தால்: ஓவெர்ன் எரிமலை நாட்டில் ஒரு சைக்கிள் பயணம்

பிரான்சின் நடுவே இருக்கும் ஓவெர்ன் பகுதிக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தக் கணவாய் எத்தனை சதவீதம், எந்தக் கியர் போதும், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் எந்த ஆண்டு அங்கே ஏறியது என்று கேட்காமலேயே சொல்வார்கள். நானும் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏற்றம் என்னை ஒன்றும் செய்யவில்லை. படுத்தி எடுத்ததெல்லாம் திங்கட்கிழமையும், சாலையில் கொட்டிய பொடிஜல்லியும், சிக்னல் இல்லாத மேட்டுநிலமும், பிற்பகல் இடியும்தான். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 330 யூரோ செலவு, அதோடு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய விடுப்பில் பாதி. கார் வராத சாலை வேண்டும் என்று நாம் தேடிப் போகிறோம். கார் வராத சாலையில் உதவியும் வராது. அதை முன்கூட்டியே யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று அந்த மேட்டில் நடந்தபோது பலமுறை நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். வடக்கே கிளெர்மோன்-ஃபெரான் நகரத்துக்குப் பக்கத்தில் புய் மலைத்தொடர். சுமார் எண்பது சின்னச் சின்ன எரிமலைகள் வரிசையாக நிற்கும். 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நடுவில் நிற்கும் புய் த தோம் 1465 மீட்டர். அதன் உச்சிச் சாலையில் சைக்கிளில் ஏறும் ஆசையோடு வருகிறவர்கள் நிறைய பேர். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். 2012இல் உச்சிக்குப் பல்சக்கர ரயில் வந்ததிலிருந்து, சிறப்பு நிகழ்ச்சிகள் தவிர, அந்தச் சாலை சைக்கிள்காரர்களுக்குத் திறப்பதில்லை. 2023இல் டூர் பந்தயம் அங்கே ஏறியபோதுகூடக் கடைசி நான்கு கிலோமீட்டரில் பார்வையாளர்களை விடவில்லை. அடிவாரத்தைச் சுற்றிய சாலைகளில் வார இறுதியில் கிளெர்மோன் கார்கள் மொய்க்கும். அமைதிக்கு அது இடமில்லை.

தெற்கே இறங்கினால் சான்சி மலை, 1886 மீட்டர். அந்த மத்திய மலைப்பகுதியிலேயே உயரமானது. அங்கே மோன்-தோர் ஊரிலிருந்து க்ருவா சான் ரொபேர் கணவாய் (1451 மீட்டர்) வழியாகப் பெஸ் பக்கம் வரும் சாலை மிக நல்ல சாலை. பக்கத்தில் இருக்கும் க்ருவா மொரான் கணவாயில் ஓடும் வாகனங்களில் கால்வாசிகூட இதில் வராது என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்னும் தெற்கே போனால் கான்தால். ஒரு காலத்தில் எழுபது கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடந்த ஒரே பெரிய எரிமலை. இப்போது பனியாறுகள் அரித்த மிச்சம்தான் நிற்கிறது. சான்சிக்கும் கான்தாலுக்கும் நடுவில் செசாலியே என்று ஒரு மேட்டுநிலம். எரிமலைக் குழம்பு பரவி உறைந்த தட்டையான பாறை, அதன்மேல் புல், புல்மேல் மாடுகள், அவ்வளவுதான். மரம்கூட அபூர்வம். ஓவெர்னிலேயே வாகனம் குறைந்த சாலைகள் எங்கே என்று கேட்டால் நான் செசாலியேயைத்தான் சொல்வேன். என் டயர் கிழிந்ததும் அங்கேதான்.

சாலை தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். போனில் இருக்கும் வரைபடம் வழி காட்டும், ஆனால் சாலையின் குணத்தைக் காட்டாது. மிஷ்லின் காகித வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சிவப்பு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை உள்ளூர்ச் சாலை. ஓரத்தில் பச்சைக்கோடு இருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று அர்த்தம். ஏற்றம் வரும் இடத்தில் சின்ன அம்புக்குறிகள் போட்டிருப்பார்கள், முனை மேட்டைப் பார்த்து இருக்கும். ஒரு அம்பு என்றால் ஐந்திலிருந்து ஒன்பது சதவீதம், இரண்டு என்றால் பதின்மூன்று வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். பச்சை ஓரமிட்ட மஞ்சள் சாலையில் ஆகஸ்ட் மாதம் மோட்டார்சைக்கிள் கூட்டம் வந்துவிடும். பச்சை இல்லாத வெள்ளைச் சாலைதான் நமக்கு. காட்சி அதிலும் நன்றாகவே இருக்கிறது.

நான் ஜூலை முதல் வாரத்தில் போனேன். லியோனிலிருந்து ரயிலில் கிளெர்மோன், அங்கே வண்டி மாறி இசுவார். அங்கே இறங்கி பள்ளத்தாக்கோடு ஏறி ஞாயிறு மாலை பெஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். கறுப்புக் கல்லால் கட்டிய பழைய ஊர், பக்கத்திலேயே பவேன் ஏரி. 92 மீட்டர் ஆழம், சுமார் ஏழாயிரம் ஆண்டுக்கு முன் வெடித்த எரிமலை வாய். சாயங்காலம் அதன் கரையில் உட்கார்ந்திருந்தபோது மனம் அவ்வளவு நிறைவாக இருந்தது. மறுநாள் திட்டம் எளிது: பெஸ்ஸிலிருந்து கொம்பேன், லா கோதிவெல், அல்லான்ஷ் வழியாக முரா. தூரம் பெரிதில்லை, பெரிய கணவாயும் இல்லை. களைப்பில்லாமல் மதியமே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு.

திங்கள் காலை எழுந்து ரொட்டிக்கடைக்குப் போனால் கதவில் பலகை: இன்று விடுமுறை. சரி, வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். பிரான்சில் எத்தனையோ காலமாக இருக்கிறேன், ஆனாலும் நகரத்தில் இருப்பவனுக்கு இது உறைக்காது. சிற்றூர்களில் ஞாயிறு பிற்பகலும் திங்களும் ஏறக்குறைய கதவடைப்புதான். ரொட்டிக்கடை வாரத்தில் ஒருநாள் மூடும், பல இடங்களில் அது திங்கள். சைக்கிள் கடைகள் ஞாயிறும் திங்களும் சேர்த்தே மூடியிருக்கும். மற்ற நாளிலும் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு வரை மளிகைக்கடை திறக்காது. ஓட்டலில் மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு மேல் கிடைக்காது. இரண்டு மணிக்குப் போய்க் கெஞ்சினாலும் சமையலறை மூடிவிட்டது என்பார்கள். அதிலும் செசாலியேயில் மூடுவதற்குக்கூடக் கடை கிடையாது. லா கோதிவெல் ஊரில் இருபது பேர் சொச்சம்தான் வசிக்கிறார்கள். மேலே ஒரு ஏரி, கீழே ஒரு ஏரி, நடுவில் சில வீடுகள். ஆகவே இந்தப் பக்கம் போகிறவர்கள் சனிக்கிழமை மாலையே இரண்டு நாளுக்கு வேண்டிய தின்பண்டத்தை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். ஜூலை 14, ஆகஸ்ட் 15 இரண்டும் அரசு விடுமுறை, அவை திங்களோடு ஒட்டி வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது, பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நம்மவர்களுக்குச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்: கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்ற வாசலுக்குப் பக்கத்தில் குழாய் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் ஊர்க் குடிநீர்க் குழாயேதான். குடிக்க உதவாது என்று பலகை இருந்தால் தொடாதீர்கள், இல்லையென்றால் பிடித்துக்கொள்ளலாம். ஊர் நடுவே அழகான கல்தொட்டியில் கொட்டும் ஊற்றைவிட இதுதான் நம்பகமானது, ஏனென்றால் தொட்டித் தண்ணீர் பல இடங்களில் மாட்டுக்கானது. மேட்டில் ஓடும் ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம், அதற்கு மேலே எங்கோ ஒரு மந்தை நிற்கிறது.

கொம்பேன் தாண்டியதும் சாலை மேட்டுநிலத்தில் ஏறிவிடும். அதன்பின் வருகிற ஒரு மணி நேரத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி அலை அலையாகப் போகிறது. செம்பழுப்பு நிறத்தில், நீண்டு வளைந்த கொம்புகளோடு சலேர் மாடுகள். அவற்றின் கழுத்துமணி தவிர வேறு சத்தமில்லை. மே மாதம் மேலே ஓட்டி வந்து இலையுதிர்காலம் வரை இங்கேயே விட்டுவிடுவார்கள். அந்த நேரம் முழுக்க என்னைக் கடந்து போன வாகனம் ஒரு தபால் வண்டி மட்டும்தான். தூரத்தில் கூரை இடிந்த கல்குடில்கள் தெரியும். புரோன் என்பார்கள், முன்பு கோடையில் அங்கேயே தங்கிப் பாலாடைக்கட்டி செய்த இடம்.

லா கோதிவெல் தாண்டி அல்லான்ஷ் பக்கம் இறங்கும் சரிவில் மஞ்சள் பலகை ஒன்று: 'கிராவியோன்', பொடிஜல்லி. கோடைக்காலத்தில் பிரான்சின் மாவட்டச் சாலைகளை இப்படித்தான் பராமரிக்கிறார்கள். பழைய சாலைமேல் தார்க்கலவையைப் பீய்ச்சி, அதன்மேல் சிறுஜல்லியைத் தூவி, ஒரு உருளையை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சத்தை அந்த வழியாகப் போகும் வாகனங்கள் அழுத்திப் பதிக்கும். பதியாத ஜல்லியைப் பிறகு பெருக்கி எடுப்பார்கள். இதில் என்ன சிக்கல் என்றால், வாகனம் ஓடும் சாலையில் சில நாளில் ஜல்லி உட்கார்ந்துவிடும். வாகனமே ஓடாத சாலையில் யார் அழுத்துவது? அது அப்படியே உதிரியாகக் கிடக்கும். நாம் எந்த அமைதியைத் தேடி வந்தோமோ அதுதான் ஜல்லியைச் சாலையில் விட்டு வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்து ஜல்லி எரிமலைப் பாறை, கறுப்பு, உடைத்த முனை கத்தி மாதிரி.

நான் வேகத்தைக் குறைத்துத்தான் இறங்கினேன். கார் சக்கரம் ஓடிய இரண்டு தடத்தில் ஓரளவு பதிந்திருந்தது, அதற்குள்ளேயே ஓட்டினேன். ஒரு வளைவில் தடம் மறைந்துவிட்டது. பின்சக்கரம் ஓரத்தில் சறுக்கி, 'டப்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச்சுவரில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல், உள்ளே ட்யூப் பிதுங்கி வெடித்திருக்கிறது. பஞ்சர் என்றால் ஒட்டிவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் புது ட்யூப் போட்டும் பயனில்லை, அதுவும் அதே ஓட்டை வழியாகப் பிதுங்கும். பத்து யூரோ நோட்டை மடித்து உள்ளே வைத்து, மேலே தின்பண்ட உறையை இரண்டாக மடித்து வைத்து, காற்றைக் குறைவாக அடித்து ஓட்டிப் பார்த்தேன். சின்னக் கிழிசலுக்கு அது தாங்கும், நானே முன்பு அப்படி வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். இந்தக் கிழிசலுக்கு இரண்டு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. கையில் இருந்த இரண்டாவது ட்யூபும் போனது. எழுபது, எண்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கிளெர்மோனில் 1889இல் தொடங்கிய மிஷ்லின் நிறுவனம் டயர் செய்து உலகத்துக்கே விற்கிறது, இங்கே எனக்கு ஒரு டயர் கிடைக்க வழியில்லை. அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாக இல்லை.

இப்போது நான் என்ன வைத்துக்கொள்கிறேன் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். மடித்துச் சுருட்டக்கூடிய மாற்று டயர் ஒன்று. முந்நூறு கிராம்கூட இருக்காது, இருக்கைக்குக் கீழே கட்டிவிடலாம். பழைய டயரிலிருந்து வெட்டிய விரலளவுத் துண்டு ஒன்று, உள்ளே வைத்து அடைக்க. பின்கியரைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் சின்னக் கொக்கி ஒன்று, என் சட்டகத்துக்கு மட்டுமே பொருந்துவது. அது உடைந்தால் பெரிய நகரத்திலும் உடனே கிடைக்காது. காற்றுக்குக் கைப்பம்பு. வாயுக் குப்பி மட்டும் நம்பிப் போகாதீர்கள், சீக்கிரம் காலியாகிவிடும். டயரும் 28லிருந்து 32 மில்லிமீட்டருக்கு மாறிவிட்டேன். இங்குள்ள சாலைப்பரப்பு சொரசொரப்பானது, ஒல்லி டயரில் உடம்பெல்லாம் அதிரும்.

சரி, கதைக்கு வருகிறேன். போனை எடுத்தால் சிக்னல் இல்லை. உயிர் ஆபத்து என்றால் 112 அழைத்தால் எந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலும் இணைத்துவிடும். ஆனால் டயர் கிழிந்ததற்கு 112ஐக் கூப்பிட முடியாது. நடந்தேன். சைக்கிள் ஓட்டும் காலணியின் அடியில் பெடலில் மாட்டும் கட்டை இருப்பதால் நடப்பது பெரும்பாடு. ஒரு கட்டத்தில் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்து பார்த்தேன், ஜல்லி விடவில்லை, திரும்ப மாட்டிக்கொண்டேன். முதல் அரைமணி கோபம் வந்தது. அப்புறம் பசி வந்தது. பிறகுதான் பயம். காரணம் மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்ததுதான். முன்தினம் மாலை வானிலை எச்சரிக்கையில் அந்த மாவட்டத்துக்கு இடி பற்றி மஞ்சள் நிலை எச்சரிக்கை என்று பார்த்திருந்தேன். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்ற கணக்கில் அது பெரிதாகத் தெரியவில்லை. கோடையில் இந்த மேட்டில் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், இரண்டு மூன்று மணிக்குமேல் மேகம் திரண்டு இடிக்கும். மஞ்சள் என்றிருக்கும் நாளில் விடிகாலை கிளம்பி ஒரு மணிக்குள் முடியும்படி திட்டம் போடுங்கள், அதிலும் நடுவில் ஏதாவது கெட்டுப்போனால் என்ன என்று இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுநிலத்தில் இடி இறங்கும்போது நம்மைவிட உயரமாக எதுவும் இருப்பதில்லை. சாலையின் இருபுறமும் மேய்ச்சல் நிலத்துக்கு முள்கம்பி வேலி, சில இடத்தில் மின்வேலி. எங்கோ தூரத்தில் மின்னல் இறங்கினாலும் கம்பி வழியாக ஓடி வரும், ஆகவே வேலியோரம் ஒதுங்கக் கூடாது. தனியாக நிற்கும் ஒற்றை மரமும் கூடாது. நான் சைக்கிளைச் சாலையோரத்தில் படுக்க வைத்துவிட்டு, தள்ளிப் போய், சாலை கொஞ்சம் தாழ்ந்த இடத்தில் கால் இரண்டையும் சேர்த்துக் குந்திக்கொண்டேன். ஆலங்கட்டி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஜூலை மாதம் என்பதே மறந்துபோகும் அளவுக்குக் குளிர். கையில் இருந்தது காற்றுத்தடுப்புச் சட்டை மட்டும், மழைக்கோட்டை எடை என்று வீட்டில் விட்டிருந்தேன். ஆயிரத்து இருநூறு மீட்டரில் நனைந்து நின்றால் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி எண்ணிக்கொண்டே, அம்மாவை நினைத்துக்கொண்டு, சத்தமாக ஏதோ பாட்டுகூடப் பாடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகையும் வந்தது.

மழை தணிந்து மறுபடி நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு பழைய பிக்கப் வந்தது. பின்னால் மாட்டுத்தீவன மூட்டை, உள்ளே அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி, பக்கத்தில் நாய். நான் கையைக் காட்டுவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். "எங்கே போகணும்?" முரா என்றேன். "நான் அல்லான்ஷ் வரைக்கும்தான். ஏறுங்க, நாய் கடிக்காது." ஈரத்தோடு இருக்கையில் உட்காரத் தயங்கியபோது தீவனச் சாக்கு ஒன்றை எடுத்து விரித்தார். போகும் வழியில் சைக்கிள் கடை எங்கே இருக்கும் என்று கேட்டேன். "திங்கட்கிழமையா பார்த்து வந்தீங்க?" என்று சிரித்துவிட்டு, "ஒரியாக் போகணும், அதுவும் நாளைக்குத்தான்" என்றார். காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். சைக்கிளைச் சுற்றிக்கொள்ள இன்னும் இரண்டு சாக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சாக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அடுத்த அரைமணியில் தெரிந்தது.

அல்லான்ஷிலிருந்து முராவுக்கு டாக்சி தேட வேண்டியிருந்தது. இங்கே ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள்: பிரான்சின் கிராமப்புற டாக்சிகளின் முக்கியத் தொழில் சுற்றுலாப் பயணி இல்லை, நோயாளி. சிகிச்சைக்கு மருத்துவமனை போய் வருபவர்களை அரசுக் காப்பீட்டுச் செலவில் ஏற்றிப் போவதற்கே அவர்களின் நாள் முழுக்க முன்பதிவாகியிருக்கும். முதலில் கூப்பிட்டவர் சாயங்காலம் வரை முடியாது என்றார். அடுத்தவர் சைக்கிள் என்றதும் வைத்துவிட்டார். கடைசியில் வந்தவர், சக்கரம் இரண்டையும் கழற்றி, செயின் படாமல் சாக்கில் சுற்றியிருந்ததைப் பார்த்துத்தான் ஏற்றிக்கொண்டார். 65 யூரோ, அவர் கிளம்பிய ஊரிலிருந்து வந்த தூரமும் சேர்த்து. ஆகவே போகிற வழியில் இருக்கும் ஊர்களின் டாக்சி எண்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள், தாளில் எழுதி வையுங்கள். சைக்கிளைச் சுற்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை மடித்துப் பையில் வைத்தால் டாக்சிக்காரரிடம் பேரம் பேசும்போது பாதி வேலை முடிந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஒரு டயருக்காகப் போனது. முராவில் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, சைக்கிள் மூலையில் குழந்தைகள் சைக்கிள் ட்யூப் தொங்கியது. ரயிலில் ஒரியாக் போனேன். போக வர இருபது யூரோ சொச்சம். உள்ளூர் ரயிலில் சைக்கிளை ஏற்ற தனிக்கட்டணம் இல்லை, ஆனால் தொங்கவிடும் இடம் சில மட்டும்தான், ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகளும் சில மட்டும்தான். தண்டவாள வேலை நடக்கும் நாளில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், பேருந்தில் சைக்கிளை ஏற்றுவார்கள் என்று நம்பக் கூடாது. கால அட்டவணையில் ரயில் படமா பேருந்துப் படமா என்று பாருங்கள். ஒரியாக் ஒரு காலத்தில் பிரான்சுக்கே குடை செய்து கொடுத்த ஊர், இன்றும் கடைகளில் வண்ண வண்ணமாகக் குடை தொங்குகிறது. முந்தைய நாள் நனைந்ததை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றேன். டயர் 58, ட்யூப் இரண்டு 16, நடந்து தேய்ந்த காலணிக் கட்டைக்கு 25. மாந்தாய் பள்ளத்தாக்கில் முன்பதிவு செய்திருந்த அறை 74, ரத்து செய்ய முடியாத வகை, போனது போனதுதான். முராவில் கூடுதலாக ஒரு இரவு 69. ரத்து செய்யக்கூடிய அறைக்கு ஏழெட்டு யூரோ அதிகம் கேட்பார்கள், தனியாகச் சைக்கிளில் போகிறவர் அதைக் கொடுத்துவிடுவது நல்லது. என் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டதில், வழியில் நின்றுபோனால் உதவி என்பது இயந்திர வாகனத்துக்கு மட்டுமே என்று விளக்கினார்கள். உங்கள் பத்திரத்தில் சைக்கிள் என்ற சொல் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் புதன் காலை வானம் தெளிவாக இருந்தது, டயரும் புதிது. கான்தாலைச் சுற்றிவிட்டே போகலாம் என்று கிளம்பினேன், நல்லதாகப் போயிற்று. கான்தாலின் அமைப்பு ஒரு சைக்கிள் சக்கரம்தான்: நடுவில் குடம் மாதிரி புய் மரி மலை, அங்கிருந்து ஆரக்கால் மாதிரி எல்லாத் திசையிலும் பள்ளத்தாக்குகள். ஒரு பள்ளத்தாக்கிலேயே ஓடினால் ஏற்றம் மெல்லத்தான் வரும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாண்ட வேண்டும் என்றால் நடுவிலிருக்கும் முகட்டின் மேல் ஏறியே ஆக வேண்டும், அது எப்போதும் செங்குத்து. ஆகவே வரைபடத்தில் பக்கத்து ஊர் எட்டு கிலோமீட்டர் என்று தெரிந்தால் நம்பாதீர்கள். வானிலையும் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறு. ஒன்றில் வெயில், முகட்டுக்கு அந்தப் பக்கம் மூடுபனி.

முராவிலிருந்து தியேன் வழியாக ஏறி பெரோல் கணவாய்க்குப் போனேன், 1588 மீட்டர், அந்தப் பகுதியின் மிக உயரமான கணவாய்ச் சாலை. பனி காரணமாகக் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், வசந்தம் முடியும்போதுதான் திறப்பார்கள், வரும் முன் விசாரியுங்கள். கிழக்கிலிருந்து ஏறுவது மிதமானது. மேற்கே ஃபால்கூ பக்கமிருந்து ஏறினால் கடைசி இரண்டு கிலோமீட்டர் பத்து சதவீதத்துக்கும் மேல். அமைதிக்கு இங்கே ஒரே சூத்திரம் நேரம்தான். ஒன்பது மணிக்கு முன் மேலே நின்றால் மலை உங்களுடையது. பத்தரைக்கு மேல் கார்களும் மோட்டார்சைக்கிள்களும் நிறுத்த இடம் தேடிச் சுற்றும். நான் ஏழு மணிக்கே கிளம்பியதால் மேலே என்னோடு இருந்தது ஒரு ஜெர்மன் தம்பதி மட்டும்.

மாந்தாய் பக்கம் இறங்கி, அங்கிருந்து பெர்த்யூ கணவாய் ஏறினேன். 4.4 கிலோமீட்டர், சராசரி ஏறக்குறைய எட்டு சதவீதம். 2016இலும் 2024இலும் டூர் பந்தயம் இதே வழியில் வந்து லியோரானில் முடிந்தது. 2024இல் வின்கேகோர் என்ற வீரர் தன் போட்டியாளர் பொகச்சாரை இங்கேயெல்லாம் துரத்திப் பிடித்துக் கடைசியில் ஜெயித்தார். சாலையில் அவர்கள் பெயர் வெள்ளைச் சாயத்தில் இன்னும் மங்கலாக இருந்தது. நான் அதைப் படித்து முடிக்கும் வேகத்தில்தான் ஏறினேன். சாலை ஒரு கார் அகலம், முழுக்கக் காட்டு நிழல், மேலே போய்ச் சேரும் வரை ஒரு வாகனமும் இல்லை. மறுபக்கம் சான் ழாக் ஊருக்கு இறங்கினால் ரயில் நிலையம் இருக்கிறது. உடம்புக்கோ சைக்கிளுக்கோ ஏதாவது ஆனால் அங்கே ஏறி முராவுக்குத் திரும்பிவிடலாம். தனியாகப் போகிறவர்களுக்கு கான்தாலில் இந்தச் சுற்றைத்தான் முதலில் சொல்வேன், ரயில் பாதை எப்போதும் ஒரு முகட்டுக்கு அப்பால்தான் இருக்கும். அங்கிருந்து சைக்கிளிலேயே திரும்புவதானால் கவனம்: பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் தேசியச் சாலையில் லாரிகள் அதிகம், லியோரான் சுரங்கப்பாதைக்குள் சைக்கிளோடு போகக் கூடாது. அதன் மேலே ஃபோன் த சேர் கணவாய் (1294 மீட்டர்) வழியாக ஏறித் தாண்ட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. த்ருஃபாத் என்று உருளைக்கிழங்கையும் இளம் பாலாடைக்கட்டியையும் சேர்த்துக் கிளறித் தருவார்கள், ஏறி இறங்கிய பசிக்கு அமிர்தம். சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். பன்றிக்கொழுப்பில் வதக்குவதும் பன்றி இறைச்சித் துண்டு போடுவதும் வழக்கம், சொல்லிக் கேட்டால் சில ஓட்டல்களில் தனியாகச் செய்து தருவார்கள், சில இடங்களில் முடியாது என்பார்கள்.

பாரிசிலிருந்து வருகிறவர்களுக்கு கிளெர்மோன் நேரடி ரயில் மூன்றரை மணி நேரம்; அதில் சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், கோடையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒரியாக்கில் தெருநாடக விழா நடக்கும், அப்போது சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பது கஷ்டம். எனக்குத் தெரிந்த நண்பர்கள் இருவர் அடுத்த செப்டம்பரில் போக நினைக்கிறார்கள். விழாக் கூட்டம் போயிருக்கும், மாடுகள் இன்னும் மேலேயே இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை முராவில் இறங்கி, செசாலியேயை வியாழனுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மாற்று டயரை யார் சுமப்பது என்பதில்தான் இப்போது சண்டை.